கோமதி வைத்த பாஸ்வேர்டு

"இன்னா மச்சான், ஒரு பிரிண்டர் போடக்கூட ஊட்டுக்காரம்மா வரணுமா?"

அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தயாளனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நண்பன் லோகநாதன் காலையில்தான் வாங்கிய பிரிண்டரை லேப்டாப்பில் சேர்க்கப் பார்த்தால், அட்மின் பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி வந்து நின்றது. லோகநாதன் குரல் கொடுத்ததும் அவன் மனைவி கோமதி மாவுக் கையைத் துடைத்தபடி வந்தாள். லோகநாதன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ள, பாஸ்வேர்டைத் தட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

"உன் லேப்டாப்புலயே நீ வாடகைக்குக் குடியிருக்குற மாதிரி கீது. நவுரு, பாஸ்வேர்டே இல்லாம உன்னை அட்மினா ஆக்கிட்றேன். தங்கச்சிக்குத் தெரியவே தெரியாது."

கீபோர்டுக்குப் போன தயாளனின் கையை லோகநாதன் இறுகப் பிடித்தான்.

"வேணாண்டா."

"பொண்டாட்டிகிட்ட அவ்ளோ பயமா?"

"அவகிட்ட இல்ல. எனக்கு வேலை ஏன் போச்சுன்னு உனக்குத் தெரியாது. ஆபீஸ் நேரத்துலயும் இதுல ரம்மி ஆடிக்கினு இருந்தேன். நான்தான் அவகிட்ட கெஞ்சி இந்தப் பாஸ்வேர்டை வைக்கச் சொன்னேன். எந்த கேமையும் நானா ஏத்த முடியக்கூடாதுன்னு."

தயாளன் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டான். "அதான் இப்ப வுட்டுட்டியே மச்சான். இன்னும் எதுக்கு இது?"

லோகநாதன் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நேத்து அவ கடைக்குப் போயிருந்தா. அப்பவும் இந்தப் பெட்டி வந்து பாஸ்வேர்டு கேட்டுச்சுடா. பிரிண்டர் வாங்குனது இன்னிக்குத்தானே?"