வடகறிக்குப் பதிலாக

“இன்னாக்கா, திமிரா? ஆளுங்கள நடுத்தெருவுல நிக்க வச்சுட்டியே! நான் கூட்டிட்டு வரலன்னா உன் கடை எங்க இருக்குன்னு எவனுக்குத் தெரியும்? இனிமே உன் கடைப் பக்கம் தலைவச்சுப் படுத்தா என்னான்னு கேளு.”

மூச்சு விடாமல் பேசி, போனை எடுக்காத தங்கபுஷ்பம் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத்தான் ஷெல்டன் போனைச் சட்டைப் பையில் போட்டான். மனசு கொஞ்சம் லேசானது. திட்டித் தீர்த்தால் யாருக்குத்தான் லேசாகாது?

கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய அந்தத் தெருமுனையில், கடை திறக்காமல் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த தள்ளுவண்டியைச் சுற்றி அவனுடைய வெளிநாட்டு விருந்தினர்கள் நின்றிருந்தார்கள். காலையில் மயிலாப்பூரில் பில்டர் காபி, கோயிலில் நாதஸ்வரம், கடைசியாக அடையாற்றங்கரையில் தங்கம் அக்காவின் வடகறி. இதுதான் ஷெல்டன் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை ஊர் உலா.

மற்றதெல்லாம் யாரும் காட்டிவிடலாம். இந்த வடகறி அவன் கண்டுபிடிப்பு. அவனுடைய இணையப் பக்கத்தில் கோபுரம்கூட ஓரமாகத்தான் இருக்கும். நடுவில், கரண்டியும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருப்பவள் தங்கம் அக்கா.

அவளைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் நடந்தோம் என்றாள் தொப்பி போட்ட ஒரு பிரெஞ்சுக்காரி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு நாளைக்கு இணையத்தில் எப்படி வந்து விழும் என்று ஷெல்டனுக்குத் தெரியும். ஏமாற்றிவிட்டான் என்று ஒருத்தி எழுதினால் போதும், பிழைப்பில் மண்.

அப்போதுதான் பக்கத்துச் சந்திலிருந்து அந்த மேளச் சத்தம் கேட்டது.

சென்னையில் பிறந்த பச்சைப்பிள்ளைக்கும் தெரியும், அது சாவு மேளம். சாந்தோமில் பிறந்து வளர்ந்த ஷெல்டனுக்குத் தெரியாதா?

தெரிந்தேதான் சொன்னான். “இதுதான் இந்த ஊரோட அசல் தாளம். எந்த சபாவிலும் கேட்க முடியாது” என்று தன் இங்கிலீஷில் அளந்துவிட்டான். தாராளமாக வீடியோ எடுக்கலாம், கை தட்டலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றும் சேர்த்துக்கொண்டான். யார் வீட்டு இழவோ, நமக்கென்ன?

விருந்தினர்களின் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஷெல்டனும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி முன்னால் நடந்தான்.

சந்து முழுக்கப் பூ. சின்னப் பந்தல். அதன் முன்னால் மேளக்காரர்கள் வியர்வை வழிய ஆடி ஆடி அடித்துக்கொண்டிருந்தார்கள். போன்கள் எல்லாம் உயர்ந்தன.

பந்தல் காலில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரை ஷெல்டன் போகிற போக்கில் பார்த்தான்.

கரண்டியும் கையுமாகச் சிரித்தாள் தங்கம் அக்கா. அந்தப் படத்தை எடுத்தவனே அவன்தான்.

திரும்பிவிடலாம் என்று பார்த்தான். பின்னால் விருந்தினர்கள் சந்தை அடைத்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் வெள்ளைத்துரை வந்துகொண்டிருந்தார். தங்கம் அக்காவின் புருஷன். கடையில் தட்டு கழுவிக்கொண்டிருப்பார். அவரிடம் ஷெல்டன் நின்று நாலு வார்த்தை பேசியது கிடையாது.

அவர் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“வந்துட்டியா நைனா! வெடிகாலைல பாத்தா மூச்சு இல்ல நைனா. உனக்கு யாரு சொன்னது? இத்தினி பேரையும் கூட்டிகினு வந்துகீறியே!”

ஒருவரும் சொல்லவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். “எப்படிண்ணே வராம இருப்பேன்” என்றது ஷெல்டனின் வாய்.

வெள்ளைத்துரை உடைந்து அழுதார். வெள்ளைக்காரர்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து இடம் விட்டார்கள். ஷெல்டனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. யாராவது சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினால் தேவலை என்றிருந்தது. ஆனால் அவனை ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில், உறவுக்காரர்களோடு உறவுக்காரனாக நிறுத்தினார்கள்.

கண்ணாடிக்குள் அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

வெள்ளைத்துரை சட்டைப் பையிலிருந்து ஒரு போனை எடுத்தார். பின்பக்கம் மாதா படம் ஒட்டிய போன். அதை ஒட்டித் தந்ததும் ஷெல்டன்தான்.

“காலைலேந்து உன் பேரு இதுல வந்துகினே கீது நைனா. கடசீல ஏதோ பேசி அனுப்சிகீற. அவளுக்குச் சொன்னத நா எப்டி கேக்கறதுன்னு அப்டியே வச்சிகினு கீறேன். அவளே கேக்கட்டும்.”

“வேணாம்ணே…” ஷெல்டன் கையை நீட்டினான். “அது வேணாம். குடுத்துருங்கண்ணே.”

துக்கத்தில் பிள்ளை தடுமாறுகிறான் என்று நினைத்துக்கொண்டார் அவர். நீட்டிய கையைத் தட்டிக் கொடுத்தார். மேளக்காரர்களைப் பார்த்து ஒரு கையை உயர்த்தினார்.

மேளம் நின்றது.

பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து விருந்தினர்கள் கை தட்டினார்கள். ஷெல்டன் தட்டச் சொன்னபடியே தட்டினார்கள். பந்தலில் இருந்த அத்தனை முகங்களும் திரும்பிப் பார்த்தன. கைதட்டல் மெல்ல ஓய்ந்தது.

அந்த அமைதியில் வெள்ளைத்துரை போனை ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல், அவள் காதுக்கு நேராக வைத்தார். விரலால் ஒரு அழுத்து அழுத்தினார்.

“இன்னாக்கா, திமிரா?”

சந்து முழுக்கக் கேட்டது. ஒரு வார்த்தை பாக்கியில்லாமல், தலைவச்சுப் படுக்க மாட்டேன் என்பது வரைக்கும் கேட்டது. அது முடிகிறவரை வெள்ளைத்துரை போனை எடுக்கவில்லை.

அடிப்பார் என்றுதான் ஷெல்டன் நினைத்தான். அடித்தால் நல்லது என்றும் நினைத்தான்.

அவர் போனைத் துண்டில் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, கடையில் பாக்கிச் சில்லறை இல்லாதபோது வாடிக்கைக்காரர்களிடம் நிற்பாரே, அதே மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

“தப்புதான் நைனா. ஒரு வார்த்த சொல்லிவுட்ருக்கணும். உன் ஆளுங்க வராங்கன்னு ராத்திரியே பருப்ப ஊறப் போட்டுட்டுத்தான் படுத்தா.”