கிளி கற்ற எதிர்ச்சொல்

ஆங்கில டீச்சர் மங்கையர்க்கரசியின் டியூஷன் அறையில் கூண்டுக்குள் ஒரு கிளி இருந்தது. காலை வகுப்பில் அவர் சொல்லித்தரும் ஒத்த சொற்களையெல்லாம் அது மனப்பாடம் செய்துவிடும்.

ஒருநாள் ஜன்னலுக்கு வந்த மைனாவிடம், "கன்ஃபைன், இம்ப்ரிஸன், இன்கார்ஸரேட்" என்று ஒப்பித்தது.

"மூன்றுக்கும் என்ன அர்த்தம்?"

"அடைத்து வைப்பது."

"அதற்கு எதிர்ச்சொல்?"

"தெரியாது அக்கா. எதிர்ச்சொல் பாடம் மாலையில்தான். அப்போது என்னைச் சமையலறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள்."

அன்று மாலை மைனா கூட்டுக்குத் திரும்பவில்லை. ஜன்னலிலேயே உட்கார்ந்து பாடம் முழுவதையும் கேட்டது. கிடைத்த சொல் மறந்துவிடாமலிருக்க முணுமுணுத்தபடியே சமையலறைப் பக்கம் பறந்துபோய், "லிபரேட். விடுதலை செய்வது" என்று கிளியிடம் சொன்னது.

மறுநாள் மிளகாய்ப் பழத்தோடு வந்த டீச்சரைப் பார்த்து, "லிபரேட்" என்றது கிளி. அவர் சிரித்தார். அது மறுபடியும் மெதுவாகச் சொன்னது. அவர் சிரிப்பு நின்றது. மிளகாய்ப் பழத்தைக் கீழே வைத்துவிட்டு, கூண்டின் கதவைத் திறந்துவிட்டார்.

வெளியே மைனா காத்திருந்தது. நன்றி சொல்லக் கிளியிடம் ஐந்து ஆங்கிலச் சொற்கள் இருந்தன. ஒன்றும் வாயில் வரவில்லை. பக்கத்து மரத்திலிருந்து, வாழ்நாளில் முதன்முதலாகத் தானே பறித்த கொய்யாப்பழத்தை மைனா அக்காவின் முன்னால் வைத்துவிட்டு, தலையைத் தாழ்த்தி நின்றது.