நந்தியாவட்டைக் குச்சி

"செல்லாயி, நம்ம அங்கமுத்து இன்னிக்கு வாரானாம். நந்தியாவட்டையில ஒரு குச்சி வேணுமாம்" என்றார் சென்னியப்பன்.

செல்லாயி கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஒரு குச்சிக்கா இத்தன தூரம் வாரான்?"

"பின்னே? நம்மூருச் செடி வேற எங்க இருக்குது, சொல்லு. ஊடு, கெணறு, மாரியாத்தா கோயலு எல்லாந்தான் மேட்டூர் அணைத் தண்ணிக்குள்ள போயிருச்சே."

ஊரைக் காலி செய்துகொண்டு ஜலகண்டாபுரம் பக்கம் வண்டி கட்டிய அன்று, எல்லாரும் அண்டாவையும் குண்டாவையும் ஏற்றினார்கள். சென்னியப்பன் மட்டும் கொல்லையில் இருந்த அடுக்கு நந்தியாவட்டையில் ஒரு குச்சியை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி, பிள்ளையைப் போல மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அப்போதே அவருக்குப் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. ஆனாலும், "ஆரும் கை வெக்க வேண்டாம்" என்று தாமே தடவித் தடவி நட்டார்.

நந்தியாவட்டை பாவப்பட்ட செடி. எரு கேட்காது, ஆடு வாய் வைக்காது, பாத்திரம் கழுவுகிற தண்ணீரிலேயே பூத்துத் தள்ளும். அதையும் சாகடிப்பதென்றால் அதற்கென்று ஒரு கை வேண்டும். குச்சி காய்ந்துபோய், செல்லாயி அதைப் பிடுங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மனிதர் தலைகீழாக நட்டிருக்கிறார்.

நிலம் போயிற்று, கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது. இதையும் எந்த வாயால் சொல்வது? பக்கத்து ஊர் நந்தவனத்தில் ஒரு குச்சி வாங்கி வந்து அதே குழியில் நட்டுவிட்டாள். அது தளதளவென்று வந்தது. பூத்த பிறகுதான் அது அடுக்கு இல்லை, ஒற்றை என்று தெரிந்தது. ஐந்தே இதழ்.

அதற்குள் சென்னியப்பனுக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டது. தினமும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக அந்தப் பூவை வைத்துக் கட்டும்போதும், அவர் விரலில் படாமல் ஈரத்துணியில் பொதிந்துதான் வைப்பாள். பழைய ஊர்க்காரர்கள் யாராவது வருகிறார்கள் என்றால், முன்கூட்டியே செடியில் ஒரு பூ மிச்சமில்லாமல் பறித்துவிடுவாள்.

இன்றைக்கும் ஓடினாள். பாதி பறிப்பதற்குள் படலைத் தள்ளிக்கொண்டு அங்கமுத்து வந்து நின்றான்.

"நங்கையா, சௌக்கியங்களா?"

பங்காளி வீட்டுத் தம்பி. அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவான். அந்தக் காலத்தில் அந்தச் செடியின் பூவைப் பறித்துப் பறித்துப் பிள்ளையாருக்கு மாலை கட்டியவன். அவனையா ஏமாற்ற முடியும்?

அங்கமுத்து செடியருகே குந்தினான். ஒரு பூவைக் கிள்ளினான். காம்பில் பால் கசிந்தது. பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். செல்லாயி பறித்த பூக்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

கயிற்றுக் கட்டிலில் இருந்து சென்னியப்பன் கேட்டார்: "என்ன அங்கமுத்து, பேச்சக் காணோம்?"

"பேச்சு வர்லீங்கண்ணா. நம்ம கொல்லையில நிக்கற மாதிரியே இருக்குதுங்க. அதே செடி, அதே பூவு."

"அடுக்கு நல்லா உழுந்திருக்குதா?"

"உள்ளங்கையில அடங்கலீங்க."

செல்லாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாவம், இவனுக்கும் கண் போய்விட்டதா என்று நினைத்தாள். பிறகு இரண்டு ஆண்களும் ஊரைப் பற்றிப் பேச உட்கார்ந்துவிட்டார்கள். ஆற்றங்கரைச் சோளக்காடு, ஆடி நோன்பிக்குத் தூரி கட்டி ஊஞ்சலாடிய புளியமரம், தித்திப்பான கிணற்றுத் தண்ணீர். மோர் கொண்டுவந்த செல்லாயியும் நின்று கேட்டாள். அந்தத் தண்ணீரை நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு, ஊர்ப் பேச்சைப் பயமில்லாமல் கேட்டாள்.

அங்கமுத்து புறப்பட்டுப் போன பிறகு பார்த்தால், அவன் ஒடித்து வைத்த குச்சி கட்டிலடியிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு தெருமுனையில் நின்ற அவன் வண்டிக்கு ஓடினாள்.

"தம்பி, வந்த காரியத்தையே மறந்துட்டீங்களே."

அவன் குச்சியை வாங்கவில்லை.

"அது எதுக்குங்க நங்கையா? ஒத்தை நந்தியாவட்டை எங்கூட்லயும் இருக்குதுங்க."

அங்கமுத்து குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அண்ணந்தான் வரச் சொல்லி ஆள் உட்டாருங்க. நீங்க பிடுங்கிப் போட்ட காஞ்ச குச்சியத் தடவினப்பவே, வேற குச்சி மாத்தினது அவருக்குத் தெரிஞ்சுபோச்சாமுங்க. 'நம்மூருக்காரங்க வந்தா அவ பதறிப் பதறிப் பூப் பறிக்கறது எனக்குக் கேக்குது. அதே பூவுதான்னு அவ காதுல உழுகற மாதிரி சொல்லிட்டுப் போடா. தலைகீழா நட்டவன் நானு, நடுங்கறது அவளா'ன்னு கேட்டாருங்க."