சாய்த்துப் பிடித்த சதுரம்

"கோடு நீளமா இருக்கு பாருங்க. அதனால இந்தக் கோணம்தான் பெரிசு."

கரும்பலகையைத் தட்டிவிட்டு, கணக்கு மேடம் கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

வேண்டுமென்றே சொன்ன தப்பு அது. பலகையில் இருந்த ரெண்டு கோணமும் ஒரே அளவு. ஒன்றின் கோடுகளை மட்டும் கொஞ்சம் நீட்டி வரைந்திருந்தார், அவ்வளவுதான்.

கடைசி பெஞ்சில், வகுப்பே 'அக்கா' என்று கூப்பிடும் பெண்ணின் உதடு அசைந்தது. கை மெல்ல மேலே வந்தது.

"தப்பு மேடம்!" முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வெடித்தது. "கோடு எவ்வளவு நீண்டாலும் கோணம் மாறாது. நடுவுல இருக்கிற விரிவுதான் கணக்கு!"

வேற யார்? வகுப்பே முந்திரிக்கொட்டை என்று பட்டம் கட்டிய அந்தப் பெண்தான்.

அக்காவின் கை பாதி வழியிலேயே திரும்பி, காதோர முடியை ஒதுக்குவது போல இறங்கிவிட்டது. மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. எல்லாரும் நாளைக்குச் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கப் போகிறவர்கள். அக்கா மட்டும் ரெண்டு பிள்ளை பெற்ற பிறகு படிக்க வந்தவள். சின்னப் பெண்களுக்கு நடுவில் அவளுக்கு அப்படி ஒரு கூச்சம். எழுதச் சொன்னால் முத்து முத்தாக விடை வரும். வாயைத் திறந்தால்தானே!

முதல்வர் கறாராகச் சொல்லிவிட்டார். "திங்கட்கிழமை எல்லாரும் நிஜ வகுப்புக்குப் போகணும். அதுக்குள்ள அந்தம்மா வாய் திறக்கலைன்னா வீட்டுக்கு அனுப்பிடுங்க. பிள்ளைங்க முன்னாடி ஊமை மாதிரி நிக்க முடியுமா?"

அதனால்தான் மேடம் இந்த வேலையில் இறங்கினார். தப்பைக் கேட்டால் யாருக்கும் நாக்கு துறுதுறுக்கும், அக்காவும் பேசிவிடுவாள் என்று ஒரு நப்பாசை. போட்ட தூண்டிலை எல்லாம் முந்திரிக்கொட்டையே கவ்வினால் என்ன செய்வது?

"மத்தவங்களையும் கொஞ்சம் பேச விடேம்மா" என்று சொல்லியும் பார்த்தாயிற்று.

"தெரிஞ்சா சொல்ல மாட்டாங்களா மேடம்?" என்றாள் அவள். கொழுப்பைப் பாருங்கள்!

மறுநாள் வெள்ளிக்கிழமை. மேடம் அட்டையில் வெட்டிய சதுரத்தை எடுத்து, ஒரு மூலை கீழே வரும்படி சாய்த்துப் பிடித்தார். தப்பாகச் சொல்லக்கூட அவருக்கு இன்று தெம்பில்லை.

"இது என்ன வடிவம்?"

முந்திரிக்கொட்டை எழுந்தாள். 'ஆச்சு, முடிஞ்சுது' என்று மேடம் மனசுக்குள் சலித்துக்கொண்டார்.

"டைமண்ட் மேடம்!"

"என்னது?"

"சீட்டுக்கட்டுல வருமே, அது. நேரா வச்சா சதுரம். சாய்ச்சதும் அது சதுரம் இல்லை."

அவளே சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நாலைந்து பேர் எழுதிக்கொள்ளவே ஆரம்பித்துவிட்டார்கள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்ன மேடம் இருக்கு? திங்கட்கிழமை பிள்ளைங்களுக்கு இதைத்தான் சொல்லித் தரப் போறேன்."

"ஐயையோ, வேண்டாம்மா!"

கடைசி பெஞ்சில் அக்கா எழுந்து நின்றிருந்தாள். எழுந்தது அவளுக்கே தெரியாது போல.

"பிள்ளைங்க மனசுல தப்பாப் பதிஞ்சிடும்மா. சாய்ச்சா எப்படி வேற ஆகும்? என் பொண்ணு குப்புறப் படுத்தாலும் மல்லாந்து படுத்தாலும் என் பொண்ணுதானே?"

வகுப்பு சிரித்தது. அக்கா நிற்கவில்லை, விடுவிடுவென்று முன்னால் வந்தாள். ஒரு தாளை ரெண்டாக மடித்து, ஓரத்தோடு ஓரம் சேர மறுபடி மடித்தாள். அந்த மடிப்பின் மூலையை அட்டையின் ஒவ்வொரு மூலையிலும் வைத்துக் காட்டினாள்.

"நாலு மூலையும் செங்கோணம். நாலு பக்கமும் ஒரே நீளம். எப்படித் திருப்பினாலும் சதுரம் சதுரம்தான். புரியுதாம்மா?"

"புரியுதுக்கா" என்று முந்திரிக்கொட்டை தலையைக் குனிந்துகொண்டாள்.

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இனி முதல்வரிடம் நிமிர்ந்து பேசலாம்.

மணி அடித்ததும் அக்காவைச் சுற்றி ஒரே கூட்டம். முந்திரிக்கொட்டை தனியாகப் பையை எடுத்துக்கொண்டிருந்தாள். "சதுரம் தெரியாத மேதை!" என்று போகிற போக்கில் ஒருத்தி குத்திவிட்டுப் போனாள்.

'வேணும் நல்லா' என்றுதான் மேடத்துக்கு முதலில் தோன்றியது. அப்புறம் பாவமாகப் போய்விட்டது. கிட்டே போனார்.

"இவ்வளவு கெட்டிக்காரி, இதுல போய்க் கோட்டை விட்டுட்டியே. சாயங்காலம் வாம்மா, சொல்லித் தர்றேன்."

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்துதான் மேடம் எனக்கு உறைச்சுது. நான் கத்தினதும் உங்க முகம் தொங்கிப்போச்சு. என்னடான்னு திரும்பிப் பார்த்தா, அக்கா தூக்கின கையை இறக்குறாங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தாள்.

"வேணும்னே தப்பாச் சொல்ல உங்களுக்கு மட்டும்தான் வருமா மேடம்?"