காலையில் மட்டும் அலறும் ஹோர்ன்

"மே 16, சனி. வயரிங் முழுவதும் சரி என்று நேற்று எழுதினேன். அது என் பிழை."

கார் மின்வேலை படிக்கும் மாலை வகுப்புக் கொப்பியில், விடிந்ததும் இதை எழுதிவிட்டு ஜெசிக்கா கராஜுக்கு ஓடினாள். பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பூட்டி, அப்பா அருமைராசா இரண்டு வருடமாகக் கட்டிய கார் அங்கே அலறிக்கொண்டிருந்தது. அதில் வயரிங் மட்டும் அவள் வேலை. ஒரு கிழமையாகக் காலையில் ஹோர்ன் தானாக அடிக்கிறது. மாலையில் சோதித்தால் ஒரு குறையும் இல்லை. நாளை தேவாலயத்துக்கு அதில்தான் வருவதாக அப்பா ரொக்ஸ்பரோ ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

"பூசைக்கு நடுவில இது கத்தினா, பாட்டுக்குழுவில சேர்த்துப்போடுவினம்" என்றார் அவர்.

ஜெசிக்கா ஃபியூஸ் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஈரமாக இருந்தது.

"அப்பா, காரைக் கழுவினீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. இன்னும் தண்ணியே காட்டேல்லை."

வாசலில் நின்ற அம்மா அக்னெஸ் மெல்லத் திரும்பினார். கையில் மாதா உருவத்தில் ஒரு போத்தல்.

"அம்மா, நில்லுங்கோ. அதென்ன?"

"தீர்த்தம். காலமை செபம் சொல்லி நாலு சொட்டுத் தெளிக்கிறனான்."

"எங்க?"

"நீ வயர் பூட்டின இடத்திலதான். மற்றதெல்லாம் அப்பா வடிவாச் செய்திருக்கிறார்."

அருமைராசா சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

ஜெசிக்கா பெட்டியைத் துடைத்துக் காயவைத்தாள். ஹோர்ன் அடங்கியது. பிறகு கொப்பியை எடுத்தாள்.

"நேற்று எழுதியதுதான் சரி. நாளைய வேலை: பூசை முடிந்து ஃபாதர் தீர்த்த வாளியோடு காரை ஆசீர்வதிக்க வருமுன், ஃபியூஸ் பெட்டிக்குப் பிளாஸ்டிக் உறை போடவேண்டும்."