பிரம்மதேசம் கல்யாணப் படங்கள்

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் அமராவதி, நான்காவது நாளாகத் தேவநாதனின் போட்டோ ஸ்டுடியோவுக்கு வந்து நின்றாள்.

"சிஸ்டம் அப்டேட் போட்டதுல ஹார்ட் டிஸ்க்கையே படிக்க மாட்டேங்குதும்மா. பிரம்மதேசத்துல எடுத்த கல்யாணப் படம் மொத்தமும் போச்சு. பொண்ணு வீட்லயே பரவாயில்லன்னு விட்டுட்டாங்க. உங்களுக்கு என்ன?"

"அவங்க விடட்டும். நான் விட மாட்டேன். டிஸ்க்கைக் கழட்டி எடுத்துக்கினு வாங்க, பாண்டிக்குப் போவலாம்."

அவள் போட்ட சத்தத்தில் தேவநாதன் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

பாண்டி சர்வீஸ் கடையில் சத்யப்ரியா டிஸ்க்கைச் சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "கஷ்டங்க. கெடைக்கும்னு சொல்ல முடியாது."

"நீங்க பாருங்க. கெடைக்கிற வரைக்கும் நான் இங்கியேதான் ஒக்காந்திருப்பேன்."

மதியச் சாப்பாட்டுக்குக்கூட அவள் எழுந்திருக்கவில்லை. நான்கு மணிக்குத் திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. தாலி கட்டும் படம் வந்ததும் அமராவதி பாய்ந்து வந்தாள்.

"இதான்! இதப் பெருசாப் போட்டுக் குடுங்க."

சத்யப்ரியாவுக்கும் சந்தோஷம். "மாப்ள உங்க தம்பிங்களா?"

"என் புருஷங்க. ரெண்டாவது கல்யாணமே பண்ணலன்னு போலீஸ் ஸ்டேஷன்ல சாதிக்கிறான். நாலு காப்பி போடுங்க."