நல்ல சத்தம்

"சீட் பெல்ட்டைக் கழட்டுங்கோ, தங்கச்சி," என்றார் லொறி ஓட்டிவந்த குகதாசன்.

கனடாவின் வடகோடி ஊரில் வேலை பார்க்கும் கணவனிடம் முதல்முறையாகப் போய்க்கொண்டிருந்தாள் வதனி. நாளை இந்தப் பாதையை மூடிவிடுவார்கள். பிறகு படகு ஓட இரண்டு மாதமாகும்.

அவள் வரைபடத்தைப் பார்த்தாள்.

"அண்ணை, இதில ரோட்டே இல்லை. ஏரிதான் கிடக்கு."

"உறைஞ்ச அந்த ஏரிக்கு மேலதான் போறம். ஐஸ் உடைஞ்சால் வெளியால பாயோணும்."

"அப்ப வேகமாப் போங்கோவன்!"

"வேகமாப் போனால்தான் உடையும்."

லொறி ஊர்ந்தது. கீழே ஐஸ் நீளமாக முனகியது. வதனி கதவைப் பிடித்தாள்.

"பயப்பிடாதேங்கோ, அது நல்ல சத்தம், ஐஸ் பாரத்தைத் தாங்குது. சத்தம் நிண்டால்தான் யோசிக்கோணும்."

அவள் கண்ணாடியை இறக்கி, ஆசையோடு காதை வெளியே நீட்டினாள். தூரத்துக் கரையில் ஒருவன் கையசைப்பது புள்ளியாகத் தெரிந்தது.

சத்தம் நின்றது.